ஸ்கிரப் மேசைக்கான மருந்து லேபிள் பொட்டலம்: எதை வாங்கலாம், எங்கே சறுக்கும்

ஆபரேஷன் தியேட்டரில் ஸ்கிரப் ஆகி (கை கழுவி, கிருமி நீக்கிய கவுனும் கையுறையும் போட்டு) நிற்கும் டெக்னீஷியனுக்கு மேசையில் இருக்கும் முக்கால்வாசி மருந்தும் பார்வைக்குத் தண்ணீர்தான். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன், பியூபிவகெய்ன், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின், ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின், சலைன், டிஸ்டில்டு வாட்டர், எக்ஸ்ரே படத்தில் தெரிவதற்கான காண்ட்ராஸ்ட் என்று ஏழையும் ஏழு பவுலில் ஊற்றி வரிசையாக வைத்தால் எவ்வளவு அனுபவசாலியாலும் பிரித்துச் சொல்ல முடியாது. வயல் என்ற மருந்துக் குப்பியில் இருக்கும்வரை அதன் மேல் ஒட்டிய காகிதம் பேசும். பவுலில் விழுந்ததும் மருந்துக்குப் பெயரும் இல்லை, வீரியமும் இல்லை. அந்தப் பெயரையும் வீரியத்தையும் மறுபடி ஒட்டிக் கொடுப்பதற்காக விற்கப்படுவதுதான் ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) மருந்து லேபிள் பொட்டலம். தியேட்டரில் வாங்கும் பொருட்களில் மிக மலிவானவற்றில் ஒன்று. ஆனால் வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்காமல் வாங்குவதும் இதைத்தான்.

கடையில் கிடைப்பது மூன்று வகை. முதல் வகையில் மருந்தின் பெயர் ஏற்கெனவே அச்சிட்ட லேபிள்கள் ஒரு தாளில் வரும். சிலவற்றில் நிறப் பட்டையும் இருக்கும். இரண்டாவது வகையில் வெற்று லேபிள் தாளும் ஸ்டெரைல் பேனாவும் மட்டும். மூன்றாவது வகை முழு செட்: லேபிள், பேனா, அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் கிண்ணங்கள், சிரிஞ்ச், வயலிலிருந்து மருந்தை இறக்கும் ஸ்பைக் எல்லாம் ஒரே கவரில்.

எங்கள் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பொதுவான தியேட்டருக்கு இரண்டாவது வகைதான் நல்லது. ஆனால் பேனாவின் மை நல்லதாக இருக்க வேண்டும், லேபிள் காகிதமாக இல்லாமல் பிளாஸ்டிக் படலமாக இருக்க வேண்டும். முதல் வகை பார்க்க அழகாக இருக்கும், ஆடிட் வரும்போது கைகொடுக்கும்; ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே உதவாது. மூன்றாவது வகை கண் அறுவை போல ஒரே மாதிரி கேஸ் நாள் முழுக்க ஓடும் இடங்களுக்குப் பொருந்தும். மற்ற இடங்களில் பாதிப் பொருள் பிரிக்காமலே குப்பைக்குப் போகும்.

நிறப் பட்டை ஏன் உதவாது

மயக்க மருந்து சிரிஞ்சுகளுக்கு உலகம் முழுக்க ஒரு நிற ஒழுங்கு உண்டு. ஐ.எஸ்.ஓ. 26825 என்ற தரநிலை அதைச் சொல்கிறது: மயக்கம் தரும் மருந்துகளுக்கு மஞ்சள், தசைத் தளர்த்திகளுக்குச் சிவப்பு, ஓபியாய்டு வலி மருந்துகளுக்கு நீலம், ரத்த அழுத்தம் ஏற்றும் மருந்துகளுக்கு ஊதா, மரத்துப்போகச் செய்யும் மருந்துகளுக்குச் சாம்பல். மயக்க மருந்து மேசையில் இது மிகவும் பயனுள்ள ஏற்பாடு. அங்கே ஒரு வகை மருந்துக்கும் இன்னொரு வகைக்கும் குழப்பம் வந்தால்தான் பெரிய ஆபத்து. நிறம் அதைத் தடுக்கிறது.

அதே தாளை ஸ்கிரப் மேசைக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? லிக்னோகெய்ன் சாம்பல். பியூபிவகெய்ன் சாம்பல். ரோபிவகெய்ன் சாம்பல். 2 சதவீதமும் சாம்பல், 1 சதவீதமும் சாம்பல். நாம் பிரித்தறிய வேண்டியவை எல்லாம் ஒரே நிறத்தில் வந்து நிற்கும். நிறத்தை நம்பிப் பழகிய கண் எழுத்தைப் படிக்காது. ஸ்கிரப் மேசையில் வெள்ளைப் பின்னணியில் தடித்த கறுப்பு எழுத்தே போதும். நிறத்தைப் பார்த்து எடுக்கக்கூடாது, படித்து எடுக்க வேண்டும்.

அச்சிட்ட தாளில் இன்னொரு குறை. பெயர் பெரிதாக அச்சாகியிருக்கும், பக்கத்தில் வீரியத்துக்கு ஒரு சின்னக் கோடு காலியாக இருக்கும். அவசரத்தில் பெயரை உரித்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது போலத் தெரியும். கோடு காலியாகவே நிற்கும். அந்தக் கோட்டில்தான் உயிர் இருக்கிறது.

ஒரு கணக்கு. 60 கிலோ எடையுள்ள நோயாளி. லிக்னோகெய்ன் 2 சதவீதம் என்றால் ஒரு மி.லி.யில் 20 மி.கி. அட்ரினலின் கலக்காத லிக்னோகெய்னுக்கு வழக்கமான உச்ச அளவு கிலோவுக்கு 4.5 மி.கி.; அதாவது 270 மி.கி., 13.5 மி.லி. அட்ரினலின் கலந்திருந்தால் கிலோவுக்கு 7 மி.கி. வரை போகலாம், 420 மி.கி., 21 மி.லி. லேபிளில் வெறுமனே ‘லிக்னோகெய்ன்’ என்று இருந்தால் சர்ஜனின் மனதில் ஓடும் கணக்கு 13.5-ஆ 21-ஆ என்று யாருக்கும் தெரியாது. ‘2 சதவீதம்’ விடுபட்டுப் போனால் இன்னும் மோசம்: 1 சதவீதம் என்று நினைத்து ஊசி போட்டால் நினைத்ததைவிட இரண்டு மடங்கு மருந்து உள்ளே போய்விடும். எவ்வளவு போடுவது என்பது டாக்டரின் முடிவு. அந்த முடிவுக்குத் தேவையான எண்ணைக் கண்ணெதிரே வைப்பது ஸ்கிரப் செய்பவரின் பொறுப்பு.

அட்ரினலினில் இந்த வித்தியாசம் மடங்குக் கணக்கில் போகும். மூக்கு, காது அறுவைகளில் ஒரே மேசையில் இரண்டு வீரியம் வந்து உட்காரும். பஞ்சுப் பட்டையில் நனைத்து வைப்பதற்கு 1:1000, அதாவது மி.லி.க்கு 1 மி.கி. ஊசியில் போடுவதற்கு லிக்னோகெய்னுடன் கலந்த 1:100,000 அல்லது 1:200,000, அதாவது மி.லி.க்கு 10 அல்லது 5 மைக்ரோகிராம். முதலாவது இரண்டாவதைவிட 100 அல்லது 200 மடங்கு அடர்த்தி. 1995-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் காது அறுவைக்கு வந்த 7 வயதுச் சிறுவன் இப்படித்தான் இறந்தான்: லிக்னோகெய்ன் கலவை என்று நினைத்து ஊசியில் போட்டது மேலே வைப்பதற்கான 1:1000 அட்ரினலின். அங்கே 2016 முதல் தனி அட்ரினலின் வயல்களில் விகித எண்ணை எடுத்துவிட்டு மி.லி.க்கு இத்தனை மி.கி. என்று மட்டுமே அச்சிட வேண்டும் என்ற மாற்றம் வந்தது. லிக்னோகெய்னுடன் கலந்தவற்றில் விகிதம் இன்னும் தொடர்கிறது. நம் லேபிளில் இரண்டையும் எழுதுவதே நல்லது: ‘அட்ரினலின் 1 மி.கி./மி.லி., 1:1000, ஊசிக்கு அல்ல’. இந்த ‘ஊசிக்கு அல்ல’ என்ற மூன்றாவது வரிக்கு இடம் இல்லாத லேபிளை வாங்காதீர்கள். சில தியேட்டர்களில் மேலே வைக்கும் அட்ரினலினில் துளி ஃபுளோரசின் சாயம் கலந்து நிறம் கொடுப்பதும் உண்டு. நல்ல வழக்கம், லேபிளுக்கு மாற்று அல்ல.

மகப்பேறு, பெண் நோய் அறுவைகளில் ரத்தக்குழாயைச் சுருக்கப் போடும் வாசோபிரெசினும் இதே ஜாதி. ஃபைப்ராய்டு என்ற கருப்பைக் கட்டியை எடுக்கும்போது 20 யூனிட் ஆம்பூல் (உடைத்துத் திறக்கும் சின்னக் குப்பி) ஒன்றை 100 மி.லி. சலைனில் கலந்தால் மி.லி.க்கு 0.2 யூனிட். கலக்காத ஆம்பூலில் மி.லி.க்கு 20 யூனிட். நூறு மடங்கு. கலந்ததும் கலக்காததும் ஒரே மாதிரி சிரிஞ்சில் இருந்து, இரண்டிலும் ‘வாசோபிரெசின்’ என்று மட்டும் ஒட்டியிருந்தால் அந்த லேபிள் பொய்யான தைரியத்தைத்தான் தரும். எதில் கலந்தோம், எவ்வளவில் கலந்தோம், கலந்தபின் மி.லி.க்கு எவ்வளவு என்ற மூன்றும் வேண்டும். அச்சிட்ட லேபிளில் இதற்கு இடம் கிடைப்பது அபூர்வம். வெற்று லேபிளில் நாம் எழுதிக்கொள்ளலாம். எங்கள் தீர்ப்புக்கு அடிப்படை இதுதான்.

மை

பொட்டலத்தின் தலைவிதியைத் தீர்மானிப்பது பேனா. நிறைய பொட்டலங்களில் தோலில் கோடு போடும் ஜென்ஷியன் வயலட் பேனாவையே வைத்து அனுப்புகிறார்கள். தோலுக்கு அது சரி. வழவழப்பான லேபிளில் அது ஊறி நிற்காது. ஈரக் கையுறை பட்டதும் ஊதாக் கறையாக இழுபடும். முனையும் தடிமன், சின்ன லேபிளில் ‘0.25’ என்று எழுதினால் புள்ளி கரைந்து ‘025’ ஆகும், அதையே கொஞ்சம் அழித்தால் ‘25’ ஆகும். இருமுனைப் பேனா கேளுங்கள்: ஒரு முனை தோலுக்கு, மெல்லிய மறுமுனை கறுப்பு மையில் லேபிளுக்கு.

வாங்குவதற்கு முன் மாதிரிப் பொட்டலம் ஒன்றைக் கேட்டு வாங்கி, வேலை இல்லாத நேரத்தில் இப்படிச் சோதியுங்கள். லேபிளில் எழுதி ஒரு 10 மி.லி. சிரிஞ்சில் ஒட்டுங்கள். அரை நிமிடம் காயவிடுங்கள். சலைனில் நனைத்த காஸ் துணியால் பத்து முறை அழுத்தித் தேயுங்கள். அடுத்து போவிடோன் அயோடினில் நனைத்துத் துடையுங்கள். பழுப்புக் கறை ஏறிய பிறகும் இரண்டு அடி தூரத்திலிருந்து படிக்க முடிகிறதா பாருங்கள். கடைசியாக ஸ்பிரிட். மேசையில் ஸ்பிரிட் படக்கூடாதுதான், ஆனாலும் பார்த்துவிடுங்கள். ஸ்பிரிட்டில் கரையும் மை நிறைய உண்டு. சலைன் சோதனையிலேயே தோற்கும் மையை எந்த விலையிலும் வாங்க வேண்டாம்.

எழுதும் முறையிலும் சில விஷயங்கள் பழக்கத்துக்கு வர வேண்டும். ‘0.5’ என்று முன்னால் பூஜ்யம் போட்டு எழுதுங்கள், ‘.5’ என்று எழுதினால் புள்ளி மறைந்து 5 ஆகும். ‘5.0’ என்று பின்னால் பூஜ்யம் போடாதீர்கள். அது 50 ஆகும். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுதுங்கள். அதன் முதல் ஆங்கில எழுத்தை மட்டும் போட்டால் அவசரத்தில் பூஜ்யமாகத் தெரியும், 10 யூனிட் 100 ஆகிவிடும். மைக்ரோகிராமுக்கு கிரேக்க எழுத்தைப் போடாதீர்கள். அது மில்லிகிராம் போலப் படிக்கப்படும், வித்தியாசம் ஆயிரம் மடங்கு.

ஹெபாரினுக்கு இது உயிர்போகும் விஷயம். நம் ஊர்க் கடைகளில் 5 மி.லி. வயலே மி.லி.க்கு 1000 யூனிட்டிலும் கிடைக்கும், 5000 யூனிட்டிலும் கிடைக்கும். ரத்தக்குழாய் அறுவையில் குழாயைக் கழுவ 500 மி.லி. சலைனில் 5000 யூனிட் கலந்தால் மி.லி.க்கு 10 யூனிட். இந்தக் கணக்கில் 5000 யூனிட் என்பது முதல் வயலில் 5 மி.லி., இரண்டாவதில் 1 மி.லி. ‘ஒரு வயல் ஹெபாரின் போடு’ என்று கேட்டுப் போட்டால் கழுவும் நீரின் வீரியம் ஐந்து மடங்கு மாறலாம். லேபிளில் ‘ஹெபாரின் சலைன் 10 யூனிட்/மி.லி.’ என்று எழுத வேண்டுமானால் எந்த வயல் வந்தது என்று கேட்டே ஆக வேண்டும். எழுத வேண்டும் என்ற கட்டாயமே கேட்க வைக்கிறது பாருங்கள், அதுதான் வெற்று லேபிளின் பெரிய நன்மை.

பசை, படலம், அளவு

காகித லேபிள் நனைந்தால் நார் நாராகப் பிரியும். அந்த நார் காயத்துக்குள் போகக்கூடாது. பிளாஸ்டிக் படலம் நனைந்தாலும் முழுசாக நிற்கும். ஆனால் எழுதும் பக்கம் மேட் ஆக இருக்க வேண்டும். பளபளப்பாக இருந்தால் மை பிடிக்காது, தியேட்டர் விளக்கும் அதில் பட்டுக் கண்ணைக் கூசும்.

பசையைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் தொல்லை உண்டு. பசை குறைந்தால் ஈரமான பவுலில் வழுக்கிக் கீழே விழும். மேசைத் துணியில் ஒட்டிக் கிடக்கும் லேபிள் எந்தப் பவுலுக்குச் சொந்தம் என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. பசை அதிகமானால் உரிக்கும்போது கையுறையில் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் விரல் நுனியில் கையுறை கிழியும். இரட்டைக் கையுறை போட்டபடி உரித்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். லேபிளின் ஒரு மூலையில் பசை இல்லாத சின்ன நாக்கு விட்டிருந்தால், அல்லது பின்தாளில் வளைத்தால் பிரியும்படி கீறல் போட்டிருந்தால், அந்தத் தயாரிப்பாளர் தியேட்டரைப் பார்த்திருக்கிறார் என்று நம்பலாம்.

ஆட்டோகிளேவிலிருந்து ஈரத்தோடு வந்த பவுலை ஸ்டெரைல் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது, வேறு பவுல் கேளுங்கள்; மேசையில் நனைந்த பவுலாக இருந்தால் ஸ்டெரைலான உலர்ந்த காஸால் வெளிப்புறத்தைத் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். விளிம்புக்குக் கீழே, வெளிப்பக்கத்தில், தான் நிற்கும் திசை பார்க்க ஒட்டினால் குனியாமல் படிக்கலாம். சிரிஞ்சில் குறுக்கே சுற்றி ஒட்டினால் அளவுக்கோடுகள் மறையும். நீளவாட்டில், கோடுகளுக்கு எதிர்ப்பக்கம் ஒட்ட வேண்டும். 1 மி.லி. சிரிஞ்சில் எப்படி ஒட்டினாலும் கோடு மறையும். அங்கே லேபிளின் ஒரு முனையைச் சிரிஞ்சில் சுற்றி, இரண்டு பக்கத்தையும் ஒன்றோடொன்று ஒட்டிக் கொடி போல நீட்டிவிடுங்கள். இதற்கு லேபிள் நீளம் போதுமானதாக இருக்க வேண்டும். ஒரே தாளில் நீள லேபிள் நான்கும் சின்ன லேபிள் எட்டும் இருப்பது வசதி. நாற்பது லேபிள் உள்ள பெரிய தாள் வேண்டாம். ஒரு கேஸுக்கு ஏழெட்டுதான் போகும். மிச்சத்தைப் பத்திரப்படுத்தி மறுபடி ஆட்டோகிளேவில் போடும் ஆசையைத்தான் அது கிளப்பும். 121 டிகிரியில் பசை இளகும், மை பரவும், லேபிள் பின்தாளோடு ஒன்றிப்போகும். ஒரு பொட்டலம் ஒரு கேஸுக்கு மட்டும்.

முழு செட்டில் வரும் கிண்ணம், ஸ்பைக்

60 மி.லி. பிளாஸ்டிக் கிண்ணத்தில் போட்டிருக்கும் அளவுக்கோடு தோராயமானது. சலைன் அளக்க ஆகும். மருந்து அளக்க ஆகாது. மருந்தின் அளவு எப்போதும் சிரிஞ்சில். 20 மி.லி. லிக்னோகெய்னில் மி.லி.க்கு 5 மைக்ரோகிராம் அட்ரினலின் வேண்டுமென்றால் 1 மி.கி./மி.லி. ஆம்பூலிலிருந்து 0.1 மி.லி. எடுக்க வேண்டும். இதற்கு இன்சுலின் சிரிஞ்சை எடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. எச்சரிக்கை: 40 யூனிட் சிரிஞ்சில் 0.1 மி.லி. என்பது 4 யூனிட் கோடு. 100 யூனிட் சிரிஞ்சில் அது 10 யூனிட் கோடு. 40 யூனிட் சிரிஞ்சை எடுத்துக்கொண்டு 10 கோடு வரை இழுத்தால் 0.25 மி.லி. வந்துவிடும், இரண்டரை மடங்கு. மி.லி. கோடு போட்ட 1 மி.லி. டியூபர்குலின் சிரிஞ்சுதான் சரி. செட்டில் எந்தச் சிரிஞ்சு வருகிறது என்று பிரித்துப் பார்த்து வாங்குங்கள்.

ஸ்பைக் உண்மையிலேயே நல்ல பொருள். அது இல்லாத இடங்களில் இரண்டு தவறு நடக்கும். ஒன்று, வயலின் அலுமினிய மூடியையும் ரப்பரையும் நெம்பி எடுத்துவிட்டு அப்படியே பவுலில் ஊற்றுவது. வயலின் விளிம்பு ஸ்டெரைல் அல்ல. மருந்து அந்த விளிம்பைத் தழுவிக்கொண்டுதான் கீழே இறங்கும். இரண்டு, சர்க்குலேட்டிங் நர்ஸ் (ஸ்கிரப் ஆகாமல் வெளியே நின்று பொருட்களை எடுத்துக் கொடுப்பவர்) வயலைக் கவிழ்த்துப் பிடிக்க, ஸ்கிரப் செய்பவர் ஊசி குத்தி இழுப்பது. கை சற்றே நழுவினால் கையுறை வயலில் படும், அல்லது ஊசி நர்ஸின் விரலில் ஏறும். காற்றுத் துளையுள்ள ஸ்பைக்கை வயலில் குத்திக் கவிழ்த்து, பவுலில் படாமல் சற்று மேலே பிடித்தால் தெறிக்காமல் இறங்கும். கண்ணாடி ஆம்பூலுக்கு ஸ்பைக் ஆகாது. உடைக்கும்போது கண்ணாடித் துகள் உள்ளே விழும் என்பதால் 5 மைக்ரான் வடிகட்டி ஊசியால் இழுத்து, பிறகு ஊசியை மாற்றிவிட வேண்டும்.

பயன்படுத்தும் வரிசை

நல்ல பொட்டலத்தை வாங்கிவிட்டுத் தவறான வரிசையில் ஒட்டினால் பணம் வீண். லேபிள் முதலில், மருந்து பிறகு. காலிப் பவுலில் எழுதி ஒட்டிவிட்டுத்தான் மருந்தை வாங்க வேண்டும். மருந்தை முதலில் வாங்கிவிட்டால் ‘இதோ எழுதுகிறேன்’ என்பதற்குள் சர்ஜன் வேறு கருவி கேட்பார், அடுத்த வயலும் வந்துவிடும். தயாரித்த மருந்துக்கு லேபிள் ஒட்டிய பிறகே அடுத்த மருந்தைத் தொட வேண்டும் என்று நம் நாட்டில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் என்.ஏ.பி.எச். அமைப்பின் தரநிலையும் கேட்கிறது. அமெரிக்காவில் அதே வேலையைச் செய்யும் ஜாயின்ட் கமிஷனும் இதையே விதியாக வைத்திருக்கிறது: ஒரே ஒரு மருந்துதான் மேசையில் இருக்கிறது என்றாலும் லேபிள் வேண்டும்.

நர்ஸிடமிருந்து மருந்தை வாங்கும்போது பேச்சு இப்படி இருக்க வேண்டும்.

“தம்பி, லிக்னோகெய்ன் 2 சதவீதம், அட்ரினலின் 1:200,000. 30 மி.லி. வயல். எக்ஸ்பைரி பார்த்துக்கோ.” வயலின் எழுத்து தெரியும்படி நர்ஸ் காட்டுகிறார்.

“லிக்னோகெய்ன் 2 சதவீதம், அட்ரினலின் 1:200,000, எக்ஸ்பைரி சரி சிஸ்டர். லேபிள் ஒட்டியாச்சு, ஊத்துங்க.”

கொடுக்கும்போதும் வெறுமனே நீட்டக்கூடாது. “சார், லிக்னோகெய்ன் 2 பர்சன்ட் வித் அட்ரினலின், 10 மி.லி.” என்று சொல்லிக் கொடுத்தால் சர்ஜனும் மயக்க மருந்து டாக்டரும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொள்வார்கள். பவுலிலிருந்து சிரிஞ்சுக்கு ஏற்றினால் சிரிஞ்சுக்கும் தனி லேபிள். ஃபுளோரிடா சிறுவன் விஷயத்தில் வழி தவறியது பவுலுக்கும் சிரிஞ்சுக்கும் நடுவில்தான். காலி வயல்களை கேஸ் முடியும்வரை தூக்கிப் போடாமல் ஒரு தட்டில் வையுங்கள். சந்தேகம் வந்தால் சாட்சி அதுதான். நடுவில் ஸ்கிரப் மாறினால் வருகிறவரும் போகிறவரும் ஒவ்வொரு லேபிளையும் சேர்ந்து வாய்விட்டுப் படிக்க வேண்டும். லேபிள் இல்லாமல் எது கிடந்தாலும், ‘அது சலைன்தான், நான்தான் ஊத்தினேன்’ என்று யார் சொன்னாலும், கொட்டிவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

பொட்டலம் செய்யாத வேலை

வயலிலிருந்து வெளியே வந்தபின் நடக்கும் தவறைத்தான் லேபிள் தடுக்கும். அலமாரியிலிருந்து தவறான ஆம்பூலை எடுத்தால் தவறான மருந்துக்கு அழகாக லேபிள் ஒட்டப்படும், அவ்வளவுதான். முதுகில் போடும் பியூபிவகெய்ன் ஹெவி ஆம்பூலுக்குப் பதிலாக ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் ஆசிட் ஆம்பூல் மாறிப்போய் உயிர்கள் போயிருக்கின்றன. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது. அந்த இரண்டையும் ஒரே டிராயரில் வைக்காமல் பிரிப்பதுதான் அதற்கு மருந்து.

தோல் துடைக்கும் ஆன்டிசெப்டிக்கும் அப்படித்தான். 2004-இல் சியாட்டில் நகரின் வர்ஜீனியா மேசன் மருத்துவமனையில் மூளை ரத்தக்குழாய் சிகிச்சைக்கு வந்த பெண்ணுக்குக் காண்ட்ராஸ்ட் என்று நினைத்து குளோர்ஹெக்சிடினை ரத்தக்குழாயில் ஏற்றிவிட்டார்கள், அவர் இறந்துபோனார். மேசையில் நிறமற்ற திரவங்கள் லேபிள் இல்லாத பவுல்களில் இருந்தன. மருத்துவமனை தவறை மறைக்காமல் வெளியே சொன்னதால்தான் உலகத்துக்குத் தெரிந்தது. போவிடோன் அயோடின் பழுப்பாக இருப்பதால் கண்ணில் படும். நிறமில்லாத குளோர்ஹெக்சிடின் படாது. தோலைத் துடைத்து முடித்ததும் அந்தப் பவுல் மேசையை விட்டே போய்விட வேண்டும். லேபிள் ஒட்டி வைத்திருந்தாலும் வேண்டாம். ஃபார்மலினுக்கும் இதுவே: சாம்பிள் பாட்டில் மேசைக்கு வராமல், சர்க்குலேட்டிங் நர்ஸ் கையிலேயே இருக்கட்டும்.

பொட்டலத்துக்குப் பதிலாக

பொட்டலம் வாங்க முடியாத சின்ன மருத்துவமனைகளில் சில மாற்று வழிகள் ஓடுகின்றன. பெயர் பொறித்த ஸ்டீல் பவுல் பார்க்க நல்ல யோசனை. ஆனால் ‘லிக்னோகெய்ன்’ என்று பொறித்த பவுல் காலியாக இருக்கும் நாளில் அதில் சலைனை ஊற்றிவிடுவார்கள். வீரியமும் அதில் எழுத முடியாது. பெரிய பவுல் சலைன், சின்ன பவுல் மருந்து என்ற மனப்பாட ஒழுங்கு, புதிதாக ஒருவர் ஸ்கிரப் ஆகும் அன்று உடையும். ஸ்டெரைல் ஸ்டிரிப் பிளாஸ்டரில் தோல் பேனாவால் எழுதி ஒட்டுவது இந்த மூன்றில் பரவாயில்லை. காய்ந்த இடத்தில் நிற்கும், ஈரம் பட்டால் மை போகும். ஒன்றும் இல்லாததற்கு இது மேல். மைக்ரோபோர் சுருளிலிருந்து கிழித்து ஒட்டுவது கூடாது, சுருள் ஸ்டெரைல் அல்ல.

கேஸ் முடிந்ததும் லேபிளை உரிக்க வேண்டாம், அப்படியே போகட்டும். மிஞ்சிய மருந்து மஞ்சள் பையில், ஊசி நீக்கிய சிரிஞ்சும் பிளாஸ்டிக் கிண்ணமும் சிவப்பில், கண்ணாடி வயலும் ஆம்பூலும் நீலப் பெட்டியில், ஊசி வெள்ளைப் பெட்டியில்.

ஸ்டோருக்கு இன்டென்ட் (தேவைப் பட்டியல்) எழுதும்போது ‘ஸ்டெரைல் லேபிள்’ என்று மட்டும் எழுதினால் ஸ்டோரிலிருந்து எது மலிவோ அது வரும். இப்படி எழுதுங்கள்: வெற்று லேபிள், பிளாஸ்டிக் படலம், மேட் வெள்ளை, தாளுக்கு 12, அதில் நீள அளவு குறைந்தது 4, மூலையில் பசையற்ற நாக்கு, மெல்லிய முனைக் கறுப்புப் பேனா, சலைனில் அழியாதது, ஒரு கேஸுக்கு ஒரு பொட்டலம், தனித்தனியாக ஸ்டெரைல் செய்தது, எக்ஸ்பைரி குறைந்தது ஒரு வருடம் தள்ளி. மாதிரி பார்த்த பிறகே ஆர்டர்.